என் கதையைப் பெரிய எழுத்தில் படித்தேன்

செல்வத்துக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கோபமும் குறையாமல் அப்படியே இருக்கிறது. ஆவணியில் உனக்கும் ஜெயந்திக்கும் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு என் கதைப் புத்தகத்தையும் வைத்துக் கொடுக்கலாம், அதற்காக இரண்டாம் பதிப்பு போடலாம் என்றாய். சரி என்றேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு முன்னுரை எழுதிக் கொடு, உன் கையெழுத்தை அப்படியே படம் பிடித்துப் போடுகிறோம் என்றாய். அதற்கும் சரி என்றேன். நீ கேட்ட முன்னுரை இதுதான். கையால் எழுதவில்லை, டைப் செய்திருக்கிறேன். இரண்டு பக்கத்தில் அடங்கவும் இல்லை. முதலில் அனுப்பிய பாதியைப் படித்துவிட்டு அச்சகக்காரர் போன் செய்து, "என்னம்மா, முன்னுரைன்னு சொல்லிட்டு மகனுக்கு லெட்டர் அனுப்பியிருக்கீங்க?" என்றார். "அதையே போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காக முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில் உப்பளத்தில் இறங்கினேன். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு. இரண்டுக்கும் நடுவில் முப்பது வருஷம் நின்றால் கண் என்ன ஆகும்? நாற்பத்தைந்து வயதுக்குள் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகைமூட்டம் வந்துவிட்டது. ஓரத்தில் தெரியும், நேராகப் பார்த்தால் தெரியாது. பாண்டிச்சேரி டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். எட்டாம் வகுப்பு வரை படித்து, கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் கதை எழுதிப் பழகியவளுக்கு, திடீரென்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் எழுதினது தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். நீதான் கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்து கொடுத்தாய். தடித்தடியாக விழும், தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி. ஒரு கதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு முழுசாகப் போய்விடும். அந்த நோட்டுகளைப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போய், நீ வேலை பார்த்த டி.டி.பி. கடையில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப் செய்தாய். பன்னிரண்டு கதைகள். ஒரு வருஷ உழைப்பு. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். இனி நான் சொல்லப் போகிறது எதுவும் அந்த நன்றியைக் குறைக்காது.

புத்தகம் வந்தது. அதன் அட்டையை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. உள்ளே இருந்த எழுத்து எல்லாம் எனக்கு எறும்பு வரிசை. முதல் இரண்டு கதைகளை நீயே எனக்குப் படித்துக் காட்டினாய், நான் எழுதினபடியே இருந்தது. மிச்சத்தையும் படிடா என்றதற்கு, "நீ எழுதினதுதானேம்மா, உனக்குத் தெரியாததா?" என்று மூடி வைத்துவிட்டாய். வெளியீட்டுக்கு வந்த பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "கண்ணீரும் உப்புதானே என்று இந்தத் தாய் எழுதியிருக்கிறார், இந்த ஒரு வரி போதும்" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். சபை கைதட்டியது. நான் கைகூப்பிச் சிரித்தேன். எந்தக் கதையில் இதை எழுதினோம் என்று மனசுக்குள் தேடிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு கதையில் எங்கேயோ எழுதியிருப்போம், வயசாகிறது, மறந்துவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊரில் யார் என் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் அந்த வரியைத்தான் சொன்னார்கள்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. உயிர் தப்பிக் கரைக்கு மேலே ஓடியதில் டிரங்குப் பெட்டியை யார் நினைத்தார்கள்? நாலு நாள் கழித்துத் திறந்தால் நோட்டுகள் அப்படியே இருந்தன, காகிதம்கூடக் கிழியவில்லை. எழுத்துதான் இல்லை. ஸ்கெட்ச் பேனா மை முழுக்கக் கரைந்து பக்கமெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. பால்பாயிண்டில் எழுதின என் பழைய மளிகைச் சீட்டு ஒன்று அதே பெட்டியில் கிடந்தது, அதில் ஒரு எழுத்துகூட அழியவில்லை என்று நீ படித்துச் சொன்னாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பேனா தண்ணீருக்குத் தாங்கவில்லை, தண்ணீருக்குத் தாங்குகிற பேனா கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து என் கதைகள் என்றால் நீ டைப் செய்து வைத்திருந்தது மட்டும்தான் என்று ஆனது. புத்தகமாவது இருக்கிறதே என்று நீ என்னைத் தேற்றினாய். நானும் தேறினேன்.

அடுத்த வருஷம் உனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. உன் பழைய கம்ப்யூட்டரை இங்கே கொண்டு வந்து வைத்துவிட்டு, "யம்மா, இத்தத் தொட்டுடாத, ஷாக் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். உப்புக் காற்றில் சைக்கிள் செயினே மூன்று மாதத்தில் துரு ஏறுகிற ஊர். அந்தப் பெட்டியை மர அலமாரிக்குள் வைத்து, ஈரம் ஏறாமல் இருக்க ஜீரோ வாட் பல்பு ஒன்றைப் பகலும் இரவும் எரியவிட்டுப் பாதுகாத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. பிறகு ஒரு பத்திரிகையிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலையில் கூடையும் கையில் பேனாவுமாக என்னை வரப்பில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கூடையைச் சுமந்துகொண்டு எவளாவது எழுதுவாளா? போட்டோகிராபர் நில்லுங்க என்றார், நின்றேன். ஷகிலா அந்தப் பேட்டியை எனக்குப் படித்துக் காட்டினாள். "அம்மாவுக்கு இந்த மெஷின் எல்லாம் ஒத்துவராது. உப்புக் காய்ச்சின கையால பேனா பிடிச்சாத்தான் அவங்களுக்குக் கதை வரும்" என்று நீ சொல்லியிருந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

ஷகிலா யார் என்று கேட்பவர்களுக்கு: கோட்டக்குப்பத்துப் பெண், இங்கே மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் துபாயில். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். பேட்டியைப் படித்து முடித்த கையோடு, "ஏம்மா, நெசமாவே ஒத்துவராதா, இல்ல யாரும் கத்துத் தரலையா?" என்று கேட்டாள். மறுநாளே வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். வெள்ளை ஸ்டிக்கரை நறுக்கி, ஒவ்வொரு பட்டனிலும் தடித்த மார்க்கரால் தமிழ் எழுத்தை எழுதி ஒட்டினாள். இரண்டு விரலால் தட்டினேன். என் விரல் காய்ப்புக்கு ஒரு பட்டனைத் தொட்டால் இரண்டு அமுங்கும். "மெதுவாம்மா, உப்புக் கட்டியா உடைக்கிறீங்க?" என்பாள். ஒரு மாதம் கழித்து என் பெயரைத் தப்பில்லாமல் அடித்தேன். அன்றைக்கு அவள் ஒரு வேலை செய்தாள். அந்தப் பெயரைத் தேர்ந்து, மேலே எழுத்தின் அளவைக் காட்டுகிற எண்ணை மாற்றி எழுபத்திரண்டு என்று வைத்தாள். திரையில் என் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. கண்ணைச் சுருக்காமல், தலையைச் சாய்க்காமல், நேராகப் பார்த்துப் படித்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு சொல்லை நேராகப் பார்க்கிறேன். நான் அழுதேன், அவளும் அழுதாள், டீ ஆறிப்போனது.

எழுத்து பெரிதானதும் எனக்கு ஆசையும் பெரிதானது. என் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றேன். உன் கம்ப்யூட்டரிலேயே 'அம்மா புக்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திரையில் ஐந்தாறு சொல் மட்டுமே நிற்கும், கீழே தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ஒரு கதைக்கு இரண்டு நாள் ஆனது. முதல் ஆறு கதை நான் எழுதினபடியே இருந்தது, ஒற்றுப் பிழைகளைத் திருத்தியிருந்தாய், சந்தோஷம். ஏழாவது, அஞ்சலை கதை. நான் எழுதினது இதுதான்: உப்பளத்தில் அஞ்சலை குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். மேஸ்திரி பாத்தியில் நிற்கிற உப்புத் தண்ணீரைக் காட்டி, அதை மொண்டு குடி என்கிறான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மண்வெட்டியால் வரப்பை வெட்டி வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குள் விடுகிறாள். வாருவதற்குத் தயாராக இருந்த ஒரு வார உப்பு கரைந்து போகிறது. அவள் வீட்டுக்குப் போய் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். அவ்வளவுதான் கதை. திரையில் இருந்த அஞ்சலை மண்வெட்டியைத் தொடவே இல்லை. வானத்தைப் பார்த்து அழுதாள். மேஸ்திரி மனம் மாறி, ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் குடிக்கும்போது கண்ணீர் குடத்தில் விழுந்தது. கண்ணீரும் உப்புதானே என்று கதை முடிந்தது.

அந்தக் கடைசி வரியை மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ஷகிலா அச்சடித்த புத்தகத்தைப் பிரித்து, "இதுலயும் அப்படித்தாம்மா இருக்கு" என்றாள். அதற்கப்புறம் இன்னும் மூன்று கதையில் உன் கை பட்டிருந்ததைப் பார்த்தேன். அவை சின்னச் சின்ன மாற்றங்கள், அவற்றை விடு. எல்லாம் படித்து முடித்த உடனே உனக்குப் போன் செய்தேன். நீ மறைக்கவில்லை. "யம்மா, நல்லா வரணும்னுதாம்மா செஞ்சேன். ஒரு கூலிக்காரப் பொம்பள போய் வரப்ப வெட்டுனான்னா யாரு நம்புவா? வாசகர் ஏத்துக்க மாட்டாங்க" என்றாய். "அதுவுமில்லாம உப்பளத்து முதலாளி வூட்டுல படிச்சா இன்னா நெனைப்பாங்க? என் கல்யாணத்துக்கு அவரு மவன் வர்றாரு. நோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜனங்களுக்கும் அந்த வரி புடிச்சிருக்குது. அப்படியே உட்டுடேன்" என்றாய். நோட்டு இல்லை என்று நீ சொன்ன விதம்தான் எனக்கு மிகவும் வலித்தது. கடல் செய்த வேலையை உனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாய்.

உன்னைத் திட்ட எனக்கு முழு உரிமை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உப்பளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பேன். என்னோடு கூடை தூக்கிய பச்சையம்மாளின் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வராமலே இருந்தான். அவள் என் எதிரில் குந்தி, "வந்தா வா, இல்லன்னா புள்ளைங்கள இட்டுகினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். உனக்காகக் காத்துக்கினு இருக்க மாட்டேன். அப்படியே எழுதுக்கா" என்றாள். நான் அப்படியே எழுதவில்லை. ஒரு மனைவி இப்படியா எழுதுவாள் என்று எனக்குக் கூசியது. தங்கள் வரவை ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன் என்று அழகாக எழுதி, அவளுக்கு மட்டும் அவள் சொன்னதையே எழுதியிருப்பதுபோலப் படித்துக் காட்டினேன். அவன் அவசரப்படவில்லை. இவ்வளவு சொல்லியும் வரவில்லையே என்று பச்சையம்மாள் எட்டு மாதம் பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் வந்தவன் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்து காட்டினான். "காத்துக்கினு இருக்கேன்னு எழுதினாளே, இப்படி ஏமாத்திட்டுப் போயிட்டாளே" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அப்புறம் சேரவே இல்லை. அன்றோடு யாருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. பச்சையம்மாள் இப்போது இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியும் இல்லை.

அதனால் உன் கை எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் போகாது. நல்லதுதானே செய்கிறோம் என்றுதான் போகும். பேனா யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு மற்றவர் பேச்சு கொஞ்சம் முரடாகவே கேட்கும். பச்சையம்மாள் தன் கையால் எழுதத் தெரிந்தவளாக இருந்திருந்தால் நான் அந்தப் பாவத்தைச் செய்திருக்க முடியாது. எனக்கு என் கண்ணால் படிக்க முடிந்திருந்தால் நீ இதைச் செய்திருக்க முடியாது. போன மாதம் நீ வந்தபோது வெல்வெட் டப்பாவில் மைப் பேனா ஒன்றைக் கொடுத்தாய். "உன் கையெழுத்துதாம்மா அழகு, இதுலயே எழுது. அந்தப் பழைய கம்ப்யூட்டர் டப்பாவ ஜெயந்தியோட தம்பிக்குக் குடுத்துடலாம்" என்றாய். பேனாவைப் பீரோவில் வைத்திருக்கிறேன், திரும்ப எடுத்துக்கொண்டு போ. கம்ப்யூட்டர் எங்கும் போகாது. அதற்குக் குறுக்கே நான் படுத்துக்கொள்வேன். பேனாவால் எழுதினால்தான் எழுத்தில் உயிர் இருக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது. எனக்கு அந்த ஸ்டிக்கர் ஒட்டின பட்டன்கள் வேண்டும், அந்த எழுபத்திரண்டு வேண்டும், கம்ப்யூட்டரைக் காத்து நிற்கிற ஜீரோ வாட் பல்பும் வேண்டும். நான் எழுதினதை நானே படித்துப் பார்த்து, ஆமாம் இதுதான் என்று சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. வரப்பில் கூடையோடு நிற்கிற படம் உனக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்.

அஞ்சலை கதையை மறுபடி அடித்தேன். முதல் தடவை ஏழு பக்கம் முடித்திருந்தபோது கரண்ட் போய்விட்டது, சேவ் செய்யவில்லை, எல்லாம் போனது. ஷகிலா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபமே வரவில்லை. நோட்டும் போய், கம்ப்யூட்டரில் அடித்ததும் போய், கதை இன்னும் என்னிடம் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். பத்து நாள் ஆனது. முடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, முதலிலிருந்து படித்தேன். ஷகிலா சி.டி.யில் போட்டுக் கொடுத்தாள், பஸ் ஏறிப் போய் அச்சகக்காரர் கையில் நானே கொடுத்தேன். அவர் தயங்கி, "மகனைக் கேட்டுட்டீங்களாம்மா?" என்றார். "எழுதினது நான்" என்றேன். அவர் சி.டி.யை வாங்கிக்கொண்டார்.

கல்யாணப் புத்திமதி சொல்லாமல் விட்டால் நீ குறைபட்டுக்கொள்வாய், அதனால் ஒன்று சொல்கிறேன். ஜெயந்தி எதைச் சொன்னாலும் அவள் சொன்னபடியே காதில் வாங்கு. அவள் கோபமாகச் சொன்னால் அதைக் கோபமாகவே கேள். சும்மா சொல்கிறாள், மனசில் வேறு வைத்திருக்கிறாள் என்று உனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளாதே. உன் அப்பா இருந்தவரை நான் முடியவில்லை என்றால் கொஞ்சம் முடியும் என்றுதான் எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். இருந்தாலும் முப்பது வருஷம் உப்பில் நின்றதில் பத்து வருஷமாவது அதனால் கூடியது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு கூலிக்காரப் பொம்பளை வரப்பை வெட்டினாள் என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டாய். மேஸ்திரியும் நம்பவில்லை, செல்வம். மத்தியானம் திரும்பி வந்து பாத்தியைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நண்டு வளை வெச்சி வரப்ப ஒடைச்சிருச்சிடா" என்றார். எல்லோரும் நண்டைத் திட்டினார்கள். நானும் நின்று திட்டினேன். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பழி நண்டின் மேல்தான் இருக்கிறது. முதலாளி வீட்டிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மகனுக்குக் கொடுக்கிற பிரதியை நானே என் கையால் கொடுக்கிறேன், கேட்டால் பதிலும் நானே சொல்கிறேன். அஞ்சலை என்பது கதைக்காக நான் வைத்த பெயர். கதையில் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன், அதை இங்கே எழுதிவிடுகிறேன். தண்ணீர் கேட்டபோது அவளுக்கு ஐந்து மாதம். அந்தத் தாகம் அவளுக்கு மட்டும் எடுத்த தாகம் இல்லை. மண்வெட்டியைக் கீழே போட்டு நிமிர்ந்தபோது வயிற்றில் முதல் முறையாக உதைத்தாய். அன்றைக்கு நீ வாயைத் திறக்காமல் என்கூட இருந்தாய். இந்த முறையும் அப்படியே இரு.